கறுப்புத் திரையும் பிரட்டுக் களமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

இம்மேடையில் பேசும்படி எங்களை அழைத்தபோது, ‘இளைஞரும் விஞ்ஞானமும்’ என்று பொதுவாக ஏதாவது சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். அத்தகைய பேச்சுகள் இம்மண்டபத்துக்குப் புதியனவல்ல. கைதட்டல் கிடைக்கும், வீட்டுக்குப் போகும் வழியில் ஒன்றும் நினைவில் இராது. ஆகையால் மிகச் சிறிய விஷயம் ஒன்றையே எடுத்துக்கொண்டோம். வருகிற விடுமுறையில் நம் பிள்ளைகள் சிலர் ஒரு செயலமர்வுக்குப் போகவிருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களின் பெருங்கணினிகளை உபயோகிக்கத் தொடங்குவோருக்கான லினக்ஸ் செயலமர்வு அது, இரண்டே நாட்கள். அதற்குப் போகுமுன் வீட்டிலிருந்தே எதைச் செய்துகொண்டு போகவேண்டும் என்பதுதான் எங்கள் பேச்சு.

இவ்வளவு சிறிய காரியத்துக்கு ஒரு சொற்பொழிவா என்று பெரியோர் நினைக்கக்கூடும். நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

இதுபோன்ற வேறொரு செயலமர்வுக்கு முன்பொருமுறை நாங்கள் மூவர் போயிருந்தோம். இரவு பஸ்ஸில் பதுளையிலிருந்து புறப்பட்டு, விடியற்காலையில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு ஒன்பது மணிக்கு மண்டபத்தில் அமர்ந்தோம். மூவரில் ஒருவர் லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை; கணிதத்தில் எங்கள் இருவரையும்விடக் கெட்டிக்காரர். ஆளுக்கொரு கடதாசித் துண்டில் பெயரும் கடவுச்சொல்லும் எழுதித் தந்தார்கள். கறுப்புத் திரை ஒன்று திறந்தது. கடவுச்சொல்லைத் தட்டச் சொன்னார்கள். தட்டினார், திரையில் ஒன்றும் தோன்றவில்லை. ஓர் எழுத்துமில்லை, ஒரு புள்ளியுமில்லை. விசைப்பலகை பழுதென்று எண்ணி ஒவ்வோர் எழுத்தையும் இருமுறை அழுத்தினார். உள்ளே விட மறுத்தது. மீண்டும் தட்டினார், மீண்டும் மறுத்தது. சில தடவைக்குப் பின் கணக்கே பூட்டிக்கொண்டது. உதவிக்கு நின்றவரை ஆங்கிலத்தில் கூப்பிட வெட்கப்பட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு கூப்பிட்டபோது, “இதெல்லாம் தெரிந்துகொண்டுதானே வரவேண்டும்” என்ற பதில் வந்தது.

மதிய போசனத்துக்குப் பின் அவருடைய நாற்காலி வெறுமையாயிருந்தது. மாலை ஐந்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்தோம். பஸ் பலாங்கொடையைத் தாண்டிவிட்டதென்றார். அதற்குப் பின் அவர் அந்தப் பாடத்தின் பக்கமே திரும்பவில்லை.

கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒன்றும் தோன்றாது என்பது அந்த முறைமையின் இயல்பு. பக்கத்தில் நிற்பவர் எழுத்துகளின் எண்ணிக்கையைக்கூட அறியாதிருக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். பழுதுமல்ல, பிழையுமல்ல. வீட்டில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளக்கூடிய இந்த ஒரு செய்தி தெரியாமல் ஒரு நல்ல கணிதக்காரரை இழந்தோம். நாங்கள் அவர் பக்கத்திலேயே அமர்ந்திருந்தும் திரும்பிப் பாராமல் எங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சரி, இந்த லினக்ஸ் என்பது யாது? கணினியின் உறுப்புகளை மேய்த்து வேலை வாங்கும் அடிப்படை நிரல் அது. 1991ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஹெல்சிங்கி நகரில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தாம் அதை எழுதிக்கொண்டிருப்பதாக உலகுக்கு அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. பின்லாந்தில் சுவீடிஷ் மொழி பேசும் சிறுபான்மைக் குடும்பமொன்றில் பிறந்தவர். வயதைக் கேட்டவுடன் எங்களுக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. அவ்வயதைத் தாண்டிக்கொண்டிருக்கும் நாங்கள் கடவுச்சொல் தட்டத் தெரியாமல் விழித்தவர்களல்லவா? அவர் எழுதியதை யாரும் படிக்கலாம், திருத்தலாம், விலையின்றி உபயோகிக்கலாம் என்று விட்டதால் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் அதைச் செப்பனிட்டார்கள். உலகில் மிகவும் வலிய 500 கணினிகளின் பட்டியல் ஆண்டுக்கு இருமுறை வெளியாகிறது. 2017 நவம்பர் முதல் அந்த ஐந்நூறுமே லினக்ஸில் ஓடுகின்றன. ஆகவே பெருங்கணினியை அணுக விரும்புகிறவன் இந்த வாசல் வழியாகத்தான் போகவேண்டும்.

பெருங்கணினி என்றவுடன் மாடி உயரத்து ஒற்றை இயந்திரத்தை மனதில் நினைக்க வேண்டாம். 1994இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில் தோமஸ் ஸ்டேர்லிங், டொனால்ட் பெக்கர் என்ற இருவர், கடையில் கிடைக்கும் சாதாரணக் கணினிகள் 16ஐ வலையாகப் பிணைத்து, லினக்ஸை ஏற்றி, ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்ய வைத்தார்கள். இன்றைய பெருங்கணினிகளிற் பெரும்பாலானவை அந்தக் கூட்டு முறையைத் தழுவியவையே. நமக்கு அண்மையில், திருச்சிராப்பள்ளித் தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் ‘பரம் பொருள்’ என்ற பெருங்கணினியைத் திறந்து வைத்தார்கள். அதன் ஆற்றல் 838 டெராபுளொப். அதாவது, உச்ச வேகத்தில் வினாடிக்கு 838 இலட்சம் கோடி கணக்குகள். ‘பொருள்’ என்றவுடன் நமக்குக் குறளின் இரண்டாம் பால் நினைவுக்கு வரும். இந்தியாவுக்கு அமெரிக்கா பெருங்கணினி விற்கத் தயங்கியதால், 1988இல் புனேயில் தனி நிலையம் அமைத்து, 1991இல் முதலாவது ‘பரம்’ கணினியைத் தாமே செய்துகொண்டார்கள் என்பது அந்த வரிசையின் கதை.

இனி, இக்கூட்டுக் கணினி எவ்வாறு வேலை செய்கிறதென்று நம் மக்களுக்குச் சொல்வது மிகச் சுலபம். கொழும்புப் பிள்ளைகளைவிட நமக்கே அது எளிதில் விளங்கும் என்பது எங்கள் அபிப்பிராயம். ஏனெனில் நாம் பிரட்டுக் களத்தை அறிந்தவர்கள்.

காலையில் பிரட்டுக் களத்தில் எல்லோரும் கூடுகிறார்கள். யார் எந்த மலைக்கு, எத்தனை பேர் கொழுந்துக்கு, எத்தனை பேர் கவ்வாத்துக்கு என்று அங்கேதான் பிரிக்கிறார்கள். பிரித்தபின் ஆட்கள் மலைக்குப் போகிறார்கள். பிரட்டுக் களத்திலேயே நின்று யாரும் கொழுந்து பறிப்பதில்லை. கூட்டுக் கணினியிலும் அப்படியே. நீங்கள் வீட்டிலிருந்து இணைப்பெடுத்து முதலில் நுழையும் கணினி பிரட்டுக் களம்; அதை நுழைவுக் கணு என்பார்கள். கணக்குச் செய்யும் கணினிகள் அப்பால் வரிசையாய் நிற்கின்றன; அவை மலை. இடையில் ‘ஸ்லேர்ம்’ போன்ற நிரலொன்று கணக்கப்பிள்ளையாக இருக்கிறது. எத்தனை ஆள் வேண்டும், எவ்வளவு நினைவகம் வேண்டும், எத்தனை மணி நேரம் வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதி அதனிடம் கொடுக்க வேண்டும். இடம் ஒழிந்ததும் வரிசைப்படி அது உங்கள் வேலையை அனுப்பும். துண்டு கொடுக்காமல் நுழைவுக் கணுவிலேயே பெரிய கணக்கை ஓட்டினால், கூடியிருக்கும் நூறு பேரின் வழியும் அடைபடும். பீலிக்கரையில் ஒருவர் மட்டும் நின்று முழுக் குடும்பத்துத் துணியையும் துவைத்தால் வரிசையில் குடத்தோடு நிற்பவர்கள் என்ன சொல்வார்களோ, அதையே அங்கும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் சொல்வார்கள், அவ்வளவுதான்.

இன்னுமொன்று. ஒரு மணி நேரம் போதுமென்று எழுதிக் கொடுத்த வேலை ஒரு மணி நேரத்தில் முடியாவிட்டால், அதை நடுவிலேயே நிறுத்திவிடுவார்கள். தோட்டத்திலாவது அரைப் பேர் போடுவார்கள், இங்கே அதுவுமில்லை. ஆகவே நேரத்தைச் சற்றுத் தாராளமாகக் கேட்கவேண்டும். மிகத் தாராளமாகக் கேட்டாலோ, அவ்வளவு நீண்ட இடைவெளி கிடைக்கும்வரை வரிசையில் காத்திருக்க வேண்டிவரும்.

ஆளைக் கூட்டினால் வேலை வேகமாகும் என்பதும் முழு உண்மையன்று. பத்துப் பேர் பறிக்கும் கொழுந்தை இருபது பேர் பாதி நேரத்தில் பறித்துவிடுவார்கள். ஆனால் ஸ்டோரில் கொழுந்தை வாட்டுவதற்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்குமென்றால், வாசலில் இருநூறு பேரை நிறுத்தினாலும் அது இரண்டு மணி நேரத்தில் வாடாது. இதையே ஜீன் அம்டால் என்ற அமெரிக்கர் 1967இல் கணக்காகச் சொன்னார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாததாயின், ஆயிரம் கணினிகளைப் பூட்டினாலும் பத்து மடங்குக்கு மேல் வேகம் ஏறாது. இந்த விதியை எங்கள் விரிவுரையில் கேட்டபோது பலர் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு ஸ்டோரின் வாசனைதான் வந்தது.

இப்போது ஆயத்த வேலைக்கு வருவோம். முதலாவது கேள்வி, “எங்களிடம் கணினியே இல்லையே” என்பது. நல்ல கேள்வி, ஆனால் தடையல்ல. கணக்குச் செய்வது உங்கள் இயந்திரமன்று, தூரத்திலுள்ள இயந்திரம். உங்கள் கையிலிருப்பது கதவு மட்டுமே. பத்து வருஷம் பழகிய மடிக்கணினி போதும். விண்டோஸ் மிகவும் மந்தமாகிப்போன பழைய இயந்திரத்திலும் சிறிய வகை லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் அது எழுந்து நடக்கும். ஒரு யூ.எஸ்.பி. துண்டிலிருந்தே ஓட்டிப் பார்க்கவும் கூடும். உள்ளே இருப்பது அழியாது. கணினியே இல்லாதவர்கள் அன்ட்ரொயிட் தொலைபேசியில் ‘டேர்மக்ஸ்’ என்ற செயலியை ஏற்றிக்கொண்டால் அதே கறுப்புத் திரை கைக்குள் வரும். விரலால் தட்டுவது சிரமந்தான். எனினும் கற்றுக்கொள்ள அது போதும். எங்களில் ஒருவர் முதல் மாதம் முழுவதும் அப்படித்தான் பழகினார்.

“தோட்டத்தில் சிக்னல் கிடையாதே” என்பது இரண்டாவது கேள்வி. இந்த வேலைக்குப் படமும் காணொளியும் வேண்டியதில்லை. போவதும் வருவதும் எழுத்துகள் மட்டுமே. பட்டைகள் ஒன்றிரண்டு இருந்தாலே ஓடும். நடுவில் மூடுபனியோ மின்வெட்டோ வந்து இணைப்பு அறுந்தால்? கணக்கப்பிள்ளையிடம் துண்டைக் கொடுத்தாகிவிட்டதென்றால், நீங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்தடியில் நின்றுகொண்டு முடிவைப் பார்க்கலாம். இத்தொழிலைப்போல நம்முடைய குறைபாடுகளுக்கு இவ்வளவு தூரம் இடங்கொடுக்கும் நவீன வித்தை வேறொன்றை நாங்கள் அறியோம்.

மூன்றாவது, ஆங்கிலம். இதுதான் நம் பிள்ளைகளை அதிகமாக அச்சுறுத்துவது. நாங்கள் மிசன் பாடசாலையில் படித்தவர்கள். ஆங்கில இலக்கணத்தை எங்களுக்கு அடித்துச் சொல்லித் தந்தார்கள், நன்றியோடு நினைக்கிறோம். அந்த இலக்கணத்தில் ஒரு வரியாவது கறுப்புத் திரைக்கு முன் உதவவில்லை. எல்-எஸ் என்று தட்டினால் இருப்பதைக் காட்டும். சி-டி என்றால் இன்னொரு கோப்புறைக்குள் போகும். பி-டபிள்யூ-டி என்றால் நாம் எங்கே நிற்கிறோமென்று சொல்லும். இவை ஆங்கிலமுமல்ல, தமிழுமல்ல, தொழிற்குறிகள். தோட்டப் பாடசாலைப் பிள்ளையும் மிசன் பாடசாலைப் பிள்ளையும் அந்தத் திரைக்கு முன் ஒரே வகுப்புத்தான். ஆங்கிலம் வேண்டியிருப்பது பிழைச் செய்திகளைப் படிப்பதற்கு. அடிக்கடி வருவன பத்துக்கு மேலில்லை. ‘அப்படியொரு கோப்பு இல்லை’, ‘உனக்கு அனுமதியில்லை’, ‘அப்படியொரு கட்டளையே கிடையாது’ என்பவைதான் திரும்பத் திரும்ப வரும். இம்மூன்றையும் ஆங்கிலத்தில் எப்படி வரும் என்று ஒரு கொப்பியில் எழுதிப் பக்கத்தில் தமிழையும் எழுதிவைத்தால் முதல் நாள் பயம் பாதி தெளியும்.

அந்தக் கொப்பியில் வேறு சிலவும் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வெவ்வேறு. பதுளை என்பதைப் பெரிய ‘பி’யில் தொடங்கி ஒரு கோப்புக்கும் சிறிய ‘பி’யில் தொடங்கி இன்னொரு கோப்புக்கும் பெயரிட்டால் அவை இரண்டும் இரண்டுதான். கோப்பின் பெயருக்குள் இடைவெளி விட்டால் ஒரு பெயரை இரண்டாக எண்ணிக்கொள்ளும். ‘எல்’ எழுத்தும் ஒன்றாம் இலக்கமும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும். எங்களுடைய ஒரு மாலைப்பொழுது அதில் கழிந்தது. நீண்ட பெயரை முழுவதும் தட்டத் தேவையில்லை. முதல் சில எழுத்துக்குப் பின் டாப் விசையை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பும். ‘விம்’ என்ற எழுதுகருவிக்குள் தவறி நுழைந்துவிட்டால் அபிமன்யுவின் நிலைதான், உள்ளே போக வழி தெரியும், வெளியே வரத் தெரியாது. எஸ்கேப் விசையை அழுத்தி, முக்காற்புள்ளி, ‘கியூ’, ஆச்சரியக்குறி தட்டி, என்டரை அழுத்துங்கள். எழுதியது சேமிக்கப்படாது, ஆனால் ஆள் தப்பலாம். தொடங்குவோருக்கு ‘நானோ’ போதும்.

ஆர்-எம் என்ற கட்டளையைப்பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். அது அழிக்கும். “நிச்சயந்தானா?” என்று சாதாரணமாகக் கேட்பதில்லை, அழித்ததைப் போட்டுவைக்கும் குப்பைத் தொட்டியும் கிடையாது. நாங்கள் மூன்று வாரம் சேர்த்த பயிற்சிக் கோப்புகளை அரை வினாடியில் அழித்துவிட்டு, திரை வழக்கம்போல் அமைதியாக அடுத்த கட்டளைக்குக் காத்திருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் எல்-எஸ் தட்டி எதை அழிக்கப்போகிறோம் என்று பார்த்துவிட்டே அழியுங்கள்.

பெரியோர் சிலர் மனதில் வேறொரு கேள்வி இருக்கும். இதனால் தோட்டத்துக்கு என்ன பிரயோசனம்? பையன் கொழும்புக் கடைக்குப் போனாலும் மாதம் முடியப் பணம் அனுப்புவானே! நியாயமான கேள்வி. உத்தியோகத்தைப்பற்றி நாங்கள் வாக்குறுதி கொடுக்க வரவில்லை. மழையைப்பற்றி மட்டும் சொல்கிறோம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையிலும் நம் மாவட்டத்தில் மண் சரிந்தது. மழையை முன்னறிவதற்கு வானத்தையும் நிலத்தையும் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் காற்று, ஈரம், வெப்பம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். சதுரம் பெரிதானால் கணக்குக் குறையும். ஆனால் நம் மலைகள் மறைந்துபோகும். பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்திலிருக்கிறது; நமுனுகுலை உச்சி 2,000 மீற்றருக்கு மேல். 25 கிலோமீற்றர்ச் சதுரமொன்றுக்குள் இரண்டும் விழுந்தால், கணினிக்கு அங்கே பள்ளத்தாக்குமில்லை, மலையுமில்லை. நடுத்தரமான ஒரு மேடு மட்டுமே. சதுரத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் சதுரங்கள் நான்கு மடங்காகும்; நேரத்தையும் நுணுக்கமாக வெட்டவேண்டியிருப்பதால் வேலை சுமார் எட்டு மடங்காகும். மீண்டும் பாதியாக்கினால் அறுபத்துநான்கு மடங்கு. பெருங்கணினி வேண்டியிருப்பது இதற்குத்தான்.

கணினி மலையைத் தாங்கி நிறுத்திவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. மீரியபெத்தை அபாயமான இடமென்று முன்னரே எச்சரித்திருந்தார்கள். சனங்கள் போய்க் குடியிருக்க இடந்தான் ஆயத்தமாக இருக்கவில்லை. அந்தக் குறையை எந்தக் கணினியும் தீர்க்காது. என்றாலும், மண்சரிவு எச்சரிக்கை பசறை, லுணுகலை, ஹல்துமுல்லை என்று பிரதேச செயலகப் பிரிவின் பெயரில் வரும்போது, எந்தத் தோட்டத்தில் எந்த லயன் என்ற கேள்வி நம் வீடுகளில் எழுகிறதல்லவா? அந்தக் கேள்வியைக் கணக்காக மாற்றுகிறவர்களின் மேசையில், எந்த ஓடை எந்த மழைக்குப் பெருகும், எந்த லயனுக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது என்று அறிந்த பிள்ளை ஒருவராவது இருக்கவேண்டும் என்பதே எங்கள் ஆசை. பலாங்கொடையைத் தாண்டிய பஸ்ஸில் போனவர் அத்தகைய பிள்ளைதான்.

ஆகவே சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். செயலமர்வுக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில், பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணிவரை, வாசிகசாலை அறையைத் திறந்து தரவேண்டும். பழைய மடிக்கணினிகள் இரண்டை நாங்கள் லினக்ஸ் ஏற்றி ஆயத்தமாக வைத்திருக்கிறோம். மின்சாரத்துக்கும் தேநீருக்கும் ஆகும் செலவைத் தவிர வேறு செலவில்லை. முதல் ஞாயிறு திரையைத் திறந்து கடவுச்சொல் தட்டுவது மட்டும். இரண்டாம் ஞாயிறு கோப்பும் கோப்புறையும். மூன்றாம் ஞாயிறு தூரத்துக் கணினிக்குள் நுழைவது. அதற்கு இந்த அறையிலுள்ள இரண்டு மடிக்கணினிகளில் ஒன்றை மற்றதிலிருந்து திறந்தே பழகலாம். நான்காம் ஞாயிறு கணக்கப்பிள்ளைக்குத் துண்டு எழுதுவது. பெண்பிள்ளைகளைப் பெற்றோர் தயங்காமல் அனுப்பலாம். ஐந்து மணிக்குமேல் ஒருவரையும் இருத்தமாட்டோம். பசறைப் பக்கத்துக்கும் லுணுகலைப் பக்கத்துக்கும் போகிறவர்கள் பஸ்ஸைத் தவறவிடாதபடி நாங்களே கொண்டுபோய் ஏற்றிவிடுவோம்.

லுணுகலை நண்பருக்கும் சொல்லியனுப்பியிருக்கிறோம். இதுவரை பதில் வரவில்லை.

இரண்டு மடிக்கணினிகளில் ஒன்றை இன்றைக்கே கொண்டுவந்து மண்டபத்தின் பின்புற மேசையில் வைத்திருக்கிறோம். தேநீர் வேளையில் யாரும் வந்து தட்டிப் பார்க்கலாம், பெரியோரும் வரலாம். கடவுச்சொல் பக்கத்துக் கடதாசியில் எழுதியிருக்கிறது. தட்டும்போது திரையில் ஒன்றும் தோன்றாது.